காட்டுப்பழத்தையும் இலையையும் லேப்ல டெஸ்ட் பண்ணப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

டிசம்பர் வந்தாலே எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். அக்கா, ப்ராஜெக்ட் டாபிக் குடுத்துட்டாங்க, ஏதாவது ஒரு செடி எடுத்து ஆன்டிஆக்சிடன்ட், ஆன்டிபாக்டீரியல் ரெண்டும் பாக்கணுமாம், எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிப் போச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, தாவரவியல் எது படிச்சாலும் இது ஒத்து வரும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்ட்ல வேலை செய்யாத செடின்னு கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது. வேலியில கிடக்கிற எந்த இலையப் பறிச்சு மெத்தனால்ல ஊற வச்சாலும் அதுல டானின், ஃபீனாலிக்னு ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும், டிபிபிஹெச்னு அந்த டெஸ்ட்டுக்கு ஊத்துற ஊதாக் கரைசலோட நிறம் மாறத்தான் செய்யும். அதனால "ரிசல்ட் வருமா"ன்னு பயப்படாதீங்க, வந்த ரிசல்ட் இலையோட வேலையா இல்ல வேற எதோட வேலையான்னு பிரிச்சுப் பாக்கறதுதான் மொத்த ப்ராஜெக்ட்டும். பழத்தோட நிறம், புளிப்பு, சர்க்கரை, நீங்க ஊத்தின சால்வன்ட், இது நாலும் சேர்ந்து உங்களை ஏமாத்தும். எங்கெங்க ஏமாத்தும்னு போகப் போக சொல்றேன்.

எதை எடுக்கிறது

நம்ம பக்கம் காட்டுப்பழத்துக்குப் பஞ்சமே இல்ல. காரைப்பழம், சூரைப்பழம், களாக்காய், இலந்தை, நாவல், சப்பாத்திக்கள்ளிப் பழம், கொடுக்காப்புளி, சின்ன வயசுல டவுசர் பாக்கெட்ல போட்டுத் தின்ன அத்தனையும் ப்ராஜெக்ட்டுக்கு ஆகும். இலையில கொய்யா, நொச்சி, ஆவாரை, நுணா, குப்பைமேனி, வில்வம். நாவலும் கொய்யா இலையும் நெல்லிக்காயும் ஆயிரம் பேர் பண்ணியாச்சு, புதுசா சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது, ஆனா முதல் தடவை லேப்ல கை வைக்கிறவங்களுக்கு அதுதான் சேஃப், ஏன்னா உங்க நம்பர் தப்பா வந்தா ஒப்பிட்டுப் பாக்க ஏற்கனவே நிறைய பேப்பர் இருக்கும். காரை, சூரை மாதிரி கொஞ்சம் கம்மியா தொட்ட பழம் எடுத்தீங்கன்னா கூடவே கொய்யா இலைய ஒரு துணைக்கு வச்சுக்கோங்க, அது நல்லா வேலை செஞ்சா உங்க மெத்தட் சரின்னு அர்த்தம். கொய்யா இலையில குவர்செட்டினும் அதோட கிளைகோசைடுகளும் நிறைய, அது வேலை செய்யலன்னா ரீஏஜென்ட்லதான் கோளாறு.

சீசன் பாத்துக்கோங்க. இலந்தை மார்கழி, தை, மாசி. நாவல் ஆனி, ஆடி. டிசம்பர்ல டாபிக் வாங்கி ஏப்ரல்ல சப்மிட் பண்ணணும்னா நாவல் பழம் எங்க கிடைக்கும்? இலைதான் கிடைக்கும். இதை யோசிக்காம நாவல் பழம்னு எழுதிக் குடுத்துட்டு, கடைசியில டப்பாவுல அடைச்ச நாவல் ஜூஸ் வாங்கி டெஸ்ட் பண்ணின ஒரு பையனை எனக்குத் தெரியும். பாவம், வைவால பிரிசர்வேட்டிவ் பத்திக் கேட்டாங்க.

ரிசர்வ் ஃபாரஸ்ட் பக்கம் போகாதீங்க, அங்க பறிக்கணும்னா வனத்துறை அனுமதி வேணும். அதெல்லாம் தேவையே இல்ல, கண்மாய்க்கரை, வேலியோரம், மாமா சித்தப்பா தோட்டம், அங்கயே எல்லாம் கிடைக்கும். ரோட்டோரத்துல மட்டும் எடுக்காதீங்க, வண்டிப் புகை மொத்தமும் இலை மேலதான் படிஞ்சிருக்கும். மருந்தடிச்ச வயலுக்குப் பக்கத்துலயும் வேண்டாம், பூச்சிமருந்தும் சேர்ந்துதான் உங்க எக்ஸ்ட்ராக்ட்ல, அதாவது ஊற வச்சு எடுக்கிற சாறுல வரும்.

இன்னொண்ணு, தெரியாத இலையையோ பழத்தையோ வாயில வச்சு ருசி பாக்காதீங்க. ஒடுவந்தழைய பாத்திருக்கீங்களா, பாக்க சாதாரண செடி மாதிரிதான் இருக்கும், அந்த இலைய அரைச்சுக் குடிச்சு நம்ம ஊர்ல உயிர் விட்டவங்க எத்தனையோ பேர். ரத்தத்துல பொட்டாசியம் சட்டுன்னு இறங்கும், சிறுநீரகமும் இதயமும் அடி வாங்கும். அந்த இலைய டிபிபிஹெச்ல போட்டா அதுவும் கலரை மாத்தும், அதனால நல்ல மூலிகைன்னு ஆயிடுமா?

பேரை முடிவு பண்ணுங்க

இதை எல்லாரும் கடைசியில பண்ணுவாங்க, தயவுசெஞ்சு மொதல்ல பண்ணுங்க. ஒரே தமிழ்ப் பேர்ல ரெண்டு செடி இருக்கும். களான்னா பெரிய களா கேரிஸ்ஸா கேரண்டாஸ், சிறுகளா கேரிஸ்ஸா ஸ்பைனாரம். சூரைன்னு தேடினா முதல் பத்து ரிசல்ட்டும் மீன்தான் வரும், நமக்கு வேணும்கிறது ஜிசிஃபஸ் ஈனோப்ளியா, இலந்தைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. தாவரப் பேரும் மாறிக்கிட்டே இருக்கும். காரை பழைய பேப்பர்ல கேந்தியம் பார்விஃப்ளோரம், இப்போ கேந்தியம் கோரமண்டலிக்கம். ஆவாரை பழைய பேர் கேசியா, இப்போ சென்னா. நாவலுக்கு யூஜினியா ஜம்போலானான்னு ஒரு பழைய பேர் உண்டு. லிட்டரேச்சர் தேடும்போது ரெண்டு பேர்லயும் தேடுங்க, இல்லன்னா பாதி பேப்பர் கண்ணுலயே படாது, அப்புறம் "இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை"ன்னு எழுதி மாட்டிக்குவீங்க.

பூவோ காயோ இருக்கிற ஒரு கிளைய வெட்டி, பேப்பருக்கு நடுவுல வச்சு அழுத்திக் காய வச்சு, கோயம்புத்தூர்ல இருக்கிற இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையத்துக்கோ, திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல இருக்கிற ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ கொண்டு போய் அடையாளம் உறுதி பண்ணிக்கோங்க. பறிச்ச தேதி, ஊர், செடியோட உயரம், பூவோட நிறம் எல்லாம் துண்டுச் சீட்டுல எழுதி வையுங்க, காஞ்சதும் பூ நிறம் போயிடும். வெறும் இலைய மட்டும் கொண்டு போனீங்கன்னா அவங்க பாவமா ஒரு பார்வை பாப்பாங்க.

காய வைக்கிறது, அரைக்கிறது

இலைய குழாய்த் தண்ணில கழுவி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு தடவை அலசி, நிழல்ல காய வையுங்க. வெயில்ல போட்டா சீக்கிரம் காயும்தான், ஆனா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் கெட்டுப் போற பொருள் எல்லாம் முதல்ல போயிடும். ஒரு கிலோ பச்சை இலை காஞ்சு கால் கிலோ வந்தா பெரிய விஷயம், அதனால கணக்கு போட்டுப் பறிங்க. நான் முதல் தடவை ஐப்பசி மழையில பறிச்ச நொச்சிய ஹாஸ்டல் ரூம்ல பரப்பி வச்சேன், நாலாவது நாள் அடியில வெள்ளையா பூத்துப் போச்சு. பூஞ்சை புடிச்ச இலைய "பரவால்ல மேல மட்டும்தான்"னு தட்டி விட்டு அரைச்சீங்கன்னா அப்புறம் ப்ளேட்ல பாக்டீரியா வளராம விடுற வட்டம் நொச்சியோடதா பூஞ்சையோடதான்னு யாராலயும் சொல்ல முடியாது, பெனிசிலினே பூஞ்சையில இருந்து வந்ததுதானே. அத்தனையும் குப்பையில கொட்டிட்டு மறுபடி பறிச்சேன்.

பழம் வேற கதை. பழத்தைக் காய வச்சா விட்டமின் சி பெரும்பாலும் போயிடும். உங்க காலேஜ்ல ஃப்ரீஸ் டிரையர் இருந்தா கும்பிட்டுக்கோங்க. இல்லன்னா பறிச்ச அன்னைக்கே கொட்டைய எடுத்துட்டு சதைய அரைச்சு ஊற வச்சிடுங்க, முடியலன்னா மைனஸ் 20 ஃப்ரீசர்ல போடுங்க. பழுத்ததும் காயும் கலக்காதீங்க, களாவுல காய்க்கு ஒரு குணம் பழத்துக்கு ஒரு குணம், நிறமே பச்சை, சிவப்பு, கருப்புன்னு மாறும். சப்பாத்திக்கள்ளிப் பழத்துல கண்ணுக்குத் தெரியாத பூமுள்ளு கொத்துக் கொத்தா இருக்கும், தீயில வாட்டி சாக்குல தேச்சு எடுத்துட்டு அப்புறம் கை வைங்க. நாக்குல குத்தினா ரெண்டு நாளைக்கு சோறு இறங்காது. இந்தக் கள்ளி நம்ம ஊர்ச் செடியே இல்ல, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்து இங்க காடா மண்டிப் போய், அதை ஒழிக்கறதுக்கே கொச்சினீல்னு ஒரு பூச்சியக் கொண்டு வந்து விட வேண்டி வந்துச்சு. பனங்காட்டு ஓரத்துல நின்னு அந்தப் பழத்தைத் தின்னு உதடெல்லாம் சிவந்து போனவங்களுக்கு இது வெளிநாட்டுச் செடின்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

எக்ஸ்ட்ராக்ட்

50 கிராம் இலைப் பொடிக்கு 500 மில்லி 80 சதவீத மெத்தனால், இல்லன்னா 70 சதவீத எத்தனால். மூடி போட்டு 48 மணி நேரம் ஷேக்கர்ல வைங்க, ஷேக்கர் இல்லன்னா வர்றப்ப போறப்ப ஒரு தடவை குலுக்கி விடுங்க. வாட்மேன் 1 பேப்பர்ல வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டர்ல 40 டிகிரிக்கு மேல போகாம வத்த வைங்க. காலி டப்பாவ முன்னாடியே எடை போட்டு வையுங்க, இதை மறந்துட்டு கடைசியில எக்ஸ்ட்ராக்ட் எடை தெரியாம முழிக்கிறவங்க வருஷா வருஷம் ஒரு நாலு பேராவது இருப்பாங்க.

சொக்ஸ்லெட் பத்திக் கேப்பீங்க, சால்வன்ட்டைக் கொதிக்க வச்சு திரும்பத் திரும்ப பொடி மேல விடுற கருவி. வேகமா முடியும், ஆனா மணிக்கணக்கா கொதிக்கிற சால்வன்ட் சூடு படும், சூடு தாங்காத பொருள் எல்லாம் காலி. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சொக்ஸ்லெட்தான் பண்றாங்கன்னு நீங்களும் பண்ணாதீங்க, எதுக்குப் பண்றோம்னு ஒரு காரணம் வச்சுக்கோங்க. அப்புறம் மெத்தனால் விஷம், ஃப்யூம் ஹூட்ல வச்சு வேலை பாருங்க, அந்த எக்ஸ்ட்ராக்ட்டை யாருக்கும் குடிக்கக் குடுக்காதீங்க. சிரிக்காதீங்க, சர்க்கரைக்கு நல்லதாமேன்னு நாவல் எக்ஸ்ட்ராக்ட்டை ஒருத்தர் வீட்டுக்குக் கேட்ட கதையெல்லாம் உண்டு.

பழ எக்ஸ்ட்ராக்ட் வத்தினதும் பாகு மாதிரி பிசுபிசுன்னு இருக்கும், பொடியாவே வராது. அது சர்க்கரை. ஈல்டு இலையில நூத்துக்கு பத்து பதினஞ்சு வந்தா பழத்துல அதைவிட எக்கச்சக்கமா வரும், சந்தோஷப்படாதீங்க, பாதிக்கு மேல நீங்க எடை போட்டது சர்க்கரையத்தான். அதனாலதான் ஒரே மில்லிகிராம்ல இலையையும் பழத்தையும் பக்கத்துல வச்சா இலைதான் பெரும்பாலும் ஜெயிக்கும், பழத்துல இருக்கிற ஃபீனாலிக் சர்க்கரையில கரைஞ்சு நீர்த்துப் போயிருக்கும். டிஸ்கஷன்ல இதை எழுதுங்க, எக்ஸாமினர் நிமிர்ந்து உக்காருவார்.

ஆன்டிஆக்சிடன்ட்: ஊதா மஞ்சளாகுற வித்தை

டிபிபிஹெச் ஒரு ஸ்டேபிள் ஃப்ரீ ராடிகல், கரைச்சா அடர் ஊதா. உங்க எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கிற ஃபீனாலிக் ஒரு ஹைட்ரஜனை அதுக்குக் குடுத்துட்டா மஞ்சளாயிடும், அவ்வளவுதான் கான்செப்ட். 1958ல பிளாய்ஸ் எழுதின மெத்தட், இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா இதுதான் ஓடுது, ஏன்னா சீப், அரை மணி நேரத்துல முடியும்.

3.94 மில்லிகிராம் டிபிபிஹெச் 100 மில்லி மெத்தனால்ல கரைச்சா 0.1 மில்லிமோலார். அன்னன்னைக்குத் தேவையானதை அன்னன்னைக்கே கரைங்க, பாட்டிலை அலுமினியம் ஃபாயில்ல சுத்தி வைங்க. 3 மில்லி டிபிபிஹெச்ல 1 மில்லி எக்ஸ்ட்ராக்ட், இருட்டுல 30 நிமிஷம், அப்புறம் 517 நானோமீட்டர்ல ரீடிங். கன்ட்ரோலுக்கு எக்ஸ்ட்ராக்ட் இடத்துல வெறும் மெத்தனால். ஸ்டாண்டர்டுக்கு அஸ்கார்பிக் ஆசிட், அதாவது விட்டமின் சி. ஒவ்வொரு கான்சன்ட்ரேஷனும் மூணு தடவை.

இப்போ முக்கியமான இடம். நாவல், சூரை, களா இதோட கருஞ்சிவப்பு எல்லாம் ஆந்தோசயனின், அது ஒளிய உறிஞ்சுற இடமே 520 பக்கம்தான். சப்பாத்திக்கள்ளியோட சிவப்பு பீட்டாசயனின், அது 535 பக்கம். நீங்க ரீடிங் எடுக்கிறது 517. புரியுதா? பழத்தோட நிறமே டிபிபிஹெச் மிச்சம் இருக்கிற மாதிரி மெஷினுக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு கான்சன்ட்ரேஷனுக்கும் ஒரு சாம்பிள் பிளாங்க் கண்டிப்பா வைக்கணும், 3 மில்லி வெறும் மெத்தனால்ல அதே 1 மில்லி எக்ஸ்ட்ராக்ட், டிபிபிஹெச் கிடையாது. உதாரணத்துக்கு கன்ட்ரோல் 0.84, நாவல் போட்டது 0.42ன்னு வச்சுக்கோங்க, அப்படியே கணக்குப் போட்டா 50 சதவீதம். பிளாங்க் ரீடிங் 0.12ன்னா 0.42ல இருந்து 0.12 கழிச்சு 0.30, இப்போ கணக்கு 64 சதவீதம். பிளாங்க் வைக்காம விட்டதுக்கு உங்க பழத்துக்கே 14 மார்க் குறைச்சுப் போட்டிருப்பீங்க. இலைன்னா அவ்வளவு பிரச்சினை இல்ல, இருந்தாலும் வைங்க.

ஐசி50ன்னா பாதி ராடிகலை அடக்க எவ்வளவு தேவைன்னு அர்த்தம், அதனால நம்பர் கம்மியா இருந்தாதான் பவர் அதிகம். பாதிப் பேர் இதைத் தலைகீழா எழுதுறாங்க. இன்னொண்ணு, நீங்க டெஸ்ட் பண்ணின அதிகபட்ச கான்சன்ட்ரேஷன்லயே 40 சதவீதம்தான் வந்துச்சுன்னா கோட்டை நீட்டி 50ஐப் புடிக்காதீங்க, இன்னும் அதிகமா எடுத்துப் பண்ணுங்க. எல்லாமே 90க்கு மேல நிக்குதுன்னா நீர்க்கப் பண்ணுங்க.

ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சு ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்ல முடியாது, கூட இரும்பு அயனிய ரெடியூஸ் பண்ற சக்தியப் பாக்குற ஃப்ராப் ஒண்ணு பண்ணுங்க, 593 நானோமீட்டர். டோட்டல் ஃபீனாலுக்கு ஃபோலின் ரீஏஜென்ட், 7.5 சதவீத சோடியம் கார்பனேட், 765 நானோமீட்டர், காலிக் ஆசிட்தான் ஸ்டாண்டர்ட். இங்கயும் பழம் ஏமாத்தும், ஃபோலின் ஃபீனாலை மட்டும் பாக்காது, விட்டமின் சியையும் சேர்த்துத்தான் எண்ணும், சில சர்க்கரையும் கூட உள்ள வரும். நெல்லிக்காயில டோட்டல் ஃபீனால் எக்கச்சக்கமா வந்துச்சுன்னா அதுல விட்டமின் சி பங்கு எவ்வளவுன்னு ஒரு வரியாவது யோசிச்சு எழுதுங்க. ஃப்ளேவனாய்டு அலுமினியம் குளோரைடு மெத்தட், அது மேனுவல்ல இருக்கிற மாதிரியே பண்ணிடுங்க, சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் டெஸ்ட் டியூப் சமாச்சாரம். எந்தப் பழத்துல எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் பவர்னு அமெரிக்க விவசாயத் துறை ஓராக்னு ஒரு பெரிய பட்டியலே வெப்சைட்ல வச்சிருந்தாங்க, கம்பெனிக்காரங்க அந்த நம்பரைப் போட்டே டப்பா டப்பாவா விக்க ஆரம்பிச்சதும், உடம்புக்குள்ள நடக்கிறதுக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படலன்னு சொல்லி 2012ல அதைத் தூக்கிட்டாங்க. அதனால தீசிஸ்ல "கேன்சரைத் தடுக்கும்"னு எழுதற கைய கொஞ்சம் புடிச்சுக்கோங்க.

ஆன்டிபாக்டீரியல்: வட்டம் வந்துச்சே, அப்புறம்?

இதை வீட்டுல பண்ணக் கூடாது. கெட்டுப் போன சோத்துல இருந்து பாக்டீரியா எடுத்து வளக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். லேப்ல, லேமினார்ல, கோட்டு க்ளவுஸோட பண்றது மட்டும்தான். வழக்கமா ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ கோலை ஏடிசிசி 25922, சூடோமோனாஸ் ஏடிசிசி 27853 இந்த மூணும் எடுப்பாங்க, ஏடிசிசி நம்பர்ங்கிறது ஸ்டாண்டர்ட் பாக்டீரியாவோட அடையாள நம்பர். ஹாஸ்பிடல்ல நோயாளிகிட்ட இருந்து எடுத்த ஐசொலேட்டைவிட இதுதான் நல்லது, ஏன்னா இதோட ஆன்டிபயாட்டிக் ஜோன், அதாவது பாக்டீரியா வளராத வட்டம், எவ்வளவு வரணும்னு அளவு இருக்கு, வரலன்னா மீடியாவோ டிஸ்க்கோ கோளாறுன்னு உடனே தெரிஞ்சிடும்.

முல்லர் ஹிண்டன் அகார், 90 மில்லிமீட்டர் ப்ளேட்டுக்கு 25 மில்லி ஊத்தினா 4 மில்லிமீட்டர் கனம் வரும். கஞ்சத்தனமா 15 மில்லி ஊத்தினா ஜோன் பெருசா வரும், அது செடியோட பெருமை இல்ல, மெலிசான அகாரோட பெருமை. கல்ச்சரை சலைன்ல கலக்கி 0.5 மெக்ஃபார்லேண்ட் கலங்கலுக்குக் கொண்டு வாங்க, அதாவது மில்லிக்கு சுமார் 15 கோடி பாக்டீரியா. அந்த ஸ்டாண்டர்டை நீங்களே கலக்கலாம், 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மில்லி, 1 சதவீத சல்ஃபியூரிக் ஆசிட் 9.95 மில்லி. ரெண்டு டியூபையும் கருப்புக் கோடு போட்ட வெள்ளைப் பேப்பர் முன்னாடி புடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும், 15 நிமிஷத்துக்குள்ள ஸ்வாப் பண்ணிடுங்க. ப்ளேட்டை மூணு தடவை திருப்பித் திருப்பி முழுசா தேய்ங்க, சந்து விடாதீங்க.

6 மில்லிமீட்டர் கார்க் போரர்ல அகார்ல வெல், அதாவது குழி போட்டு 100 மைக்ரோலிட்டர் விடுங்க. வெல் போட்ட ப்ளேட்டை உடனே கவுத்து வைக்காதீங்க, பழக்க தோஷத்துல கவுத்துட்டு மொத்த எக்ஸ்ட்ராக்ட்டும் மூடியில வழிஞ்சு கிடந்த காலை நேரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அரை மணி நேரம் அப்படியே விட்டு ஊற விட்டுட்டு நிமிர்ந்த மாதிரியே இன்குபேட்டர்ல 37 டிகிரி, 18லருந்து 24 மணி நேரம்.

ப்ளேட்டுல என்னென்ன கட்டாயம் இருக்கணும்னா, எக்ஸ்ட்ராக்ட், ஆன்டிபயாட்டிக் டிஸ்க், அப்புறம் எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைச்ச சால்வன்ட் மட்டும் விட்ட ஒரு வெல். அந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. நான் முதல்ல முழு டிஎம்எஸ்ஓவுல கரைச்சேன், குப்பைமேனிக்கு அழகா 11 மில்லிமீட்டர் வட்டம், ஹாஸ்டல் பூரா போட்டோ காட்டியாச்சு. அப்புறம் சீனியர் அக்கா ஒருத்தங்க "வெறும் டிஎம்எஸ்ஓ விட்டுப் பாத்தியாடி"ன்னு கேட்டாங்க. விட்டுப் பாத்தா அதுக்கும் 10 மில்லிமீட்டர். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அப்புறம் 10 சதவீத டிஎம்எஸ்ஓவுக்கு மாறினேன், கரையாம அடியில தங்குச்சு, சூடு பண்ணாம வார்ட்டெக்ஸ்ல போட்டுப் போட்டுக் கரைச்சேன்.

பழம் பண்றவங்களுக்கு இன்னும் ஒரு கன்ட்ரோல் சேர்த்து. களாக்காய், புளி, விளாம்பழம், நெல்லி எல்லாம் செம புளிப்பு, பிஹெச் 3 பக்கத்துல இருக்கும். அந்தப் புளிப்புக்கே பாக்டீரியா வளராது, ஊறுகாய் கெட்டுப் போகாம இருக்கிறதுக்கு உப்போட சேர்ந்து அதுவும் ஒரு காரணம். எலுமிச்சம்பழச் சாறு விட்டாலும் வட்டம் வரும், அதுக்கு நீங்க காட்டுக்குப் போயிருக்க வேண்டாமே. அதனால எக்ஸ்ட்ராக்ட்டோட பிஹெச் பாத்து எழுதுங்க, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7க்குக் கொண்டு வந்த ஒரு பங்கையும், மாத்தாத எக்ஸ்ட்ராக்ட்டோட அதே புளிப்பு பிஹெச்ல வெறும் சிட்ரிக் ஆசிட் தண்ணி ஒரு வெல்லையும் சேர்த்து வைங்க. நியூட்ரல் பண்ணினதுக்கு அப்புறமும் வட்டம் இருந்தா புளிப்பு இல்லாம வேற பொருளும் வேலை செய்யுதுன்னு தைரியமா சொல்லலாம். பெரும்பாலும் வட்டம் சுருங்கும், சில நேரம் காணாமலே போகும், அதுவும் ஒரு ரிசல்ட்தான், மறைக்காதீங்க.

அளக்கும்போது வெல்லோட 6 மில்லிமீட்டரையும் சேர்த்துதான் அளப்போம், சேர்த்து அளந்தேன்னு மெத்தட்ல எழுதுங்க. 6ன்னு எழுதினா ஆக்டிவிட்டி இல்லன்னு அர்த்தம். ஈ கோலை, சூடோமோனாஸ் ரெண்டுக்கும் வட்டம் சின்னதா வந்தா பயப்படாதீங்க, கிராம் நெகட்டிவுக்கு வெளிய ஒரு மெம்பிரேன் கூடுதலா இருக்கு, உள்ள போக விடாது, போனதையும் சூடோமோனாஸ் பம்ப் வச்சு வெளிய தள்ளும்.

"ஆன்டிபயாட்டிக்கைவிட எங்க இலை பெட்டர்"னு மட்டும் எழுதிடாதீங்க. ஜென்டாமைசின் டிஸ்க்ல இருக்கிறது 10 மைக்ரோகிராம். மில்லிக்கு 50 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட்டை 100 மைக்ரோலிட்டர் விட்டா நீங்க போட்டது 5000 மைக்ரோகிராம். ஐநூறு பேர் சேர்ந்து ஒருத்தனைத் தூக்கிட்டு நாங்கதான் பயில்வான்னு சொல்ற மாதிரி.

வட்டத்தோட அளவு பவரோட அளவும் இல்ல. அகார்ல தண்ணித்தன்மை உள்ள பொருள் தூரம் ஓடும், எண்ணெய்த்தன்மை உள்ளது வெல்ல விட்டு நகராது, அதனால பெட்ரோலியம் ஈதர் எக்ஸ்ட்ராக்ட்டையும் மெத்தனாலையும் வட்டத்தை வச்சு ஒப்பிடறது நியாயமே இல்ல. அதுக்குத்தான் எம்ஐசி, அதாவது பாக்டீரியா வளர்ச்சிய நிறுத்தத் தேவையான ஆகக் குறைஞ்ச அளவு. 96 வெல் ப்ளேட்ல பாதி பாதியா நீர்த்துக்கிட்டே போய், ஒவ்வொரு வெல்லயும் மில்லிக்கு 5 லட்சம் பாக்டீரியா இருக்கிற மாதிரி விட்டு, மறுநாள் ரெசசூரின்னு ஒரு நீலச் சாயம் சேர்த்தா உயிரோட இருக்கிற வெல் நீலத்துல இருந்து பிங்க் ஆகும், நீலமாவே நிக்கிற கடைசி வெல்தான் எம்ஐசி. இங்கயும் ஒரு திருட்டுத்தனம் இருக்கு, கவனிங்க. ரெசசூரின் நிறம் மாறுறதே அதை யாராவது ரெடியூஸ் பண்ணினாதான், ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிற எக்ஸ்ட்ராக்ட் பாக்டீரியாவே இல்லாம அந்த வேலையப் பண்ணிடும். அதனால பாக்டீரியா விடாத எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஒரு வரிசை வைங்க, அது பிங்க் ஆச்சுன்னா ரெசசூரினை நம்பாதீங்க, வெல்லுல இருந்து ஒரு லூப் எடுத்து அகார்ல கீறி வளருதா பாருங்க.

லேப் இல்லாத ஸ்கூல் பிள்ளைங்களுக்கு

சயின்ஸ் எக்சிபிஷனுக்குக் கேக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணு. வடிச்ச கஞ்சித்தண்ணி ரெண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணில கலக்கி, மெடிக்கல்ல கிடைக்கிற போவிடோன் அயோடின் ரெண்டு சொட்டு விட்டா கருநீலமாயிடும். அதுல நெல்லிக்காய்ச் சாறு சொட்டு சொட்டா விடுங்க, எத்தனை சொட்டுல நீலம் போகுதுன்னு எண்ணுங்க. அப்புறம் கொய்யாப்பழம், இலந்தை, கொதிக்க வச்சு ஆறின நெல்லிச் சாறு. எந்தச் சாறு கம்மி சொட்டுல நீலத்தை அழிக்குதோ அதுல விட்டமின் சி மாதிரியான ரெடியூசிங் பொருள் அதிகம். ஒரே ஃபில்லர், ஒரே அளவு தண்ணி, அதுதான் உங்க கன்ட்ரோல். அயோடின் கலந்ததைக் குடிக்கக் கூடாது, பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கணும்.

முடிக்கும்போது

கைடு "பாட்டி வைத்தியத்துல பயன்படுதே, அப்போ சேஃப்தானே"ன்னு வைவால கிளறுவாங்க. குப்பைமேனிய எடுத்துக்கோங்க, ஜி6பிடி என்சைம் குறைபாடு இருக்கிறவங்க அதைச் சாப்பிட்டு ரத்தச் சிவப்பணு உடைஞ்ச கேஸ் மெடிக்கல் லிட்டரேச்சர்ல பதிவாகியிருக்கு. அதனால நான் டாக்சிசிட்டி பண்ணல, ப்ளேட்ல மட்டும்தான் பாத்தேன்னு நேரா சொல்லிடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சராசரி மட்டும் போடாம ஸ்டாண்டர்ட் டிவியேஷனும் போடுங்க, ஒரே எக்ஸ்ட்ராக்ட்டை மூணு வெல்ல விட்டது மூணு எக்ஸ்பெரிமென்ட் ஆகாது, வேற வேற நாள்ல பண்ணினாதான் கணக்கு.

மிச்ச எக்ஸ்ட்ராக்ட்டை ப்ரவுன் பாட்டில்ல போட்டு 4 டிகிரியில வைங்க, மேல செடி பேர், பாகம், சால்வன்ட், தேதி நாலும் எழுதுங்க, மார்க்கர் மெத்தனால் பட்டா அழியும், மேல செல்லோடேப் ஒட்டிடுங்க. ப்ளேட்டை அளந்து போட்டோ எடுத்ததும் சிங்க்ல கழுவப் போகாதீங்க, அப்படியே பேக்ல கட்டி 121 டிகிரி ஆட்டோகிளேவ்ல அரை மணி நேரம் போட்டுட்டுத்தான் குப்பைக்குப் போகணும். ஆட்டோகிளேவ் க்யூ எப்பவும் நீளமா இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்குள்ள லாக் புக்ல பேர் எழுதிடுங்க.